கார்த்தேஜா, கிரேக்கமா, பார்த்தியாவா? ரோம்: டோட்டல் வாரில் அடுத்து யாரை எடுப்பது?

கேள்வி இதுதான்: "ரோம்: டோட்டல் வார் ரீமாஸ்டர்டில் ஜூலி என்ற ரோமானியக் குடும்பத்தை வைத்து கேம்பெய்ன் முடித்துவிட்டேன். அடுத்து வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் எடுத்தேன். இருபது டர்ன்கூடத் தாண்டவில்லை, சிசிலி கையை விட்டுப் போய்விட்டது. ஆசை ஆசையாக யானை வாங்கினேன், அது என் ஆட்களையே மிதித்துப் போட்டது. கிரேக்க நகரங்கள், செலூசிட் (சிரியா பக்கத்துப் பேரரசு), எகிப்து, பார்த்தியா (பழைய ஈரான்), கார்த்தேஜ் இவற்றில் யாருடைய படை பலமானது? எதை எடுத்து ஆடினால் நன்றாக இருக்கும்?"

பழங்கால நாடு ஒன்றை எடுத்து, டர்ன் டர்னாக ஊர் பிடித்து, போர்க்களத்தில் படை நடத்தும் கணினி விளையாட்டு இது. ரீமாஸ்டர்ட் என்பது அதன் புதுப்பித்த பதிப்பு. 2004-ல் பழைய கேம் வந்தபோது எங்கள் வீட்டுக் கணினியில் யூனிட் அளவை (ஒரு படைப்பிரிவில் எத்தனை பேர் என்பதை) 'ஸ்மால்' என்று வைத்தால்தான் ஓடும். முப்பது நாற்பது பேர் ஓடிவந்தால் அதுவே பெரும் படை. அப்போதிலிருந்து விட்டு விட்டு ஆடிக்கொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், "யாருடைய படை பலம்" என்ற கேள்வியோடு யூனிட் கார்டில் இருக்கும் எண்களைப் பார்த்தால் ஏமாந்துதான் போவீர்கள். வாடகைக்கு வீடு பார்க்கிறவர் ஹால் எவ்வளவு பெரிது என்று பார்ப்பதைவிடத் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்பது நல்லது. அதுபோல ஆட எடுக்கும் ஒவ்வொரு நாட்டையும், அதாவது ஒவ்வொரு ஃபேக்‌ஷனையும் பார்த்து "இவர்களிடம் என்ன இல்லை?" என்று கேளுங்கள். அந்தக் குறையோடு குடித்தனம் நடத்த முடியுமா என்று யோசித்துவிட்டு எடுங்கள்.

எண்கள் ஏன் ஏமாற்றும்? ஒரு சிப்பாயின் தற்காப்பு என்று காட்டும் எண் உண்மையில் மூன்று எண்களின் கூட்டு: கவசம், சண்டைத் திறமை, கேடயம். கேடயம் முன்னாலும் இடப்பக்கமும்தான் காக்கும். திறமை முன்னாலும் வலப்பக்கமும். முதுகில் அடி விழுந்தால் கவசம் ஒன்றுதான் மிச்சம். ஆகவே கார்டில் பயங்கரமாகத் தெரியும் யூனிட், பின்னால் வரும் சாதாரணக் குதிரைக்காரனிடம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். யார் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள் என்பது எந்தக் கார்டிலும் எழுதியிருக்காது.

ஜூலி உங்களைக் கெடுத்துவிட்டது என்றுதான் சொல்வேன். ஹஸ்டாட்டி என்னும் ரோமானியக் காலாட்படையை வரிசையாக நிறுத்தினால் போதும், எதிரி நெருங்கும்போது அவர்களே பைலம் என்னும் எறியீட்டியை எறிந்துவிட்டு வாளை எடுத்துக்கொள்வார்கள். ஆரம்பத்தில் குதிரையும் வில்லும் சுமார்தான், ஆனால் எதிரே இருக்கும் காலியர்களால் (கால் நாட்டவர், இன்றைய பிரான்ஸ் பக்கம்) அந்த ஓட்டையைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரியாது. பிறகு இத்தாலியில் ஒரு நகரம் பெரிதாகி இம்பீரியல் பேலஸ் கட்டியதும் மாரியஸ் சீர்திருத்தம் வந்துவிடும். வரலாற்றில் மாரியஸ் முதல்முறை கான்சல் (ரோமின் உச்சப் பதவி) ஆனது கி.மு. 107-ல். ஆட்டம் தொடங்குவது கி.மு. 270-ல், கொஞ்சம் சுறுசுறுப்பாக ஆடினால் அதற்கு எத்தனையோ பத்தாண்டுகள் முன்பே லெஜியன்கள் (கனமான கவசம் அணிந்த ரோமானியக் காலாட்படை) கைக்கு வந்துவிடும். அதற்கப்புறம் ரோமிடம் இல்லாதது என்று பெரிதாக எதுவும் இல்லை. உங்கள் கை அதற்குப் பழகிவிட்டது. வரிசை கட்டு, எறி, மோது. மற்ற யாரை வைத்து இப்படி ஆடினாலும் அடிதான்.

கிரேக்க நகரங்களில் இல்லாதது குதிரை. இருக்கிற கிரேக்கக் குதிரைப்படையும் மிலிஷியா குதிரைப்படையும் ஓடுகிறவனைத் துரத்தத்தான் லாயக்கு. அதற்குப் பதிலாகக் கிடைப்பது ஃபாலன்க்ஸ், அதாவது ஈட்டிகளை முன்னால் நீட்டி நெருக்கமாக நிற்கும் காலாட்படை வரிசை.

ஃபாலன்க்ஸ் ஏன் பயங்கரம், ஏன் அதே அளவுக்கு உதவாக்கரை என்பதைக் கி.மு. 2-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் கணக்குப் போட்டு எழுதிவிட்டார். மாசிடோனிய ஈட்டி 14 முழ நீளம். முதல் வரிசை வீரனுக்கு முன்னால் ஐந்து வரிசைகளின் ஈட்டி முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ரோமானிய வீரன் வாள் வீச இடம் வேண்டுமென்று தள்ளித் தள்ளி நிற்பான், அதனால் அவன் ஒருவனுக்கு எதிரே ஃபாலன்க்ஸின் இரண்டு பேர், பத்து ஈட்டி முனைகள். நேருக்கு நேர் வந்தால் எவனும் நிற்க முடியாது. ஆனால் தரை சமமாக இருக்க வேண்டும், வரிசை கலையக் கூடாது, பக்கத்திலிருந்து யாரும் வரக் கூடாது. கி.மு. 197-ல் சைனோசெஃபலேயில் நடந்தது அதுதான். மாசிடோனிய மன்னன் ஐந்தாம் ஃபிலிப்பின் வலது அணி ரோமானியர்களை மேட்டிலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனது. மறுபக்கம் ஜெயித்துக்கொண்டிருந்த ரோமானிய அணியிலிருந்து ஒரு ட்ரிப்யூன் (படை அதிகாரி) இருபது மேனிபிள்களை, அதாவது சிறு படைப்பிரிவுகளைப் பிரித்துக் கூட்டிப்போய் அந்த வலது அணியின் முதுகில் விட்டான். நீள ஈட்டியோடு திரும்ப முடியாமல் பலர் அங்கேயே முடிந்தார்கள். அந்த ட்ரிப்யூனின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை, பாவம்.

கேமிலும் கதை அப்படியே. ஒரு ஆட்டம் சொல்கிறேன். சிசிலியின் சிராக்கூஸில் என்னிடம் மூன்று ஹாப்ளைட் (கிரேக்க ஈட்டிக் காலாட்படை), ஒரு மிலிஷியா ஹாப்ளைட், ஒரு ஜெனரல். ஸ்கிபி (இன்னொரு ரோமானியக் குடும்பம்) என்னைப்போல் இரண்டு மடங்கு ஆட்களோடு வந்து முற்றுகை போட்டு, மோதுமரத்தால் கதவை உடைத்தான். நான் மதில்மேல் ஒருவரையும் ஏற்றவில்லை. கதவுக்கு உள்ளே கொஞ்சம் தள்ளி இரண்டு ஹாப்ளைட்டை 'வி' வடிவத்தில் நிறுத்தி, கார்ட் மோடைப் (இடத்தை விட்டு நகராமல் நிற்கும் கட்டளை) போட்டு, ஈட்டியை நீட்டச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். ஹஸ்டாட்டி உள்ளே வந்தார்கள், பைலம் எறிந்தார்கள், முன்வரிசையில் கொஞ்சம் பேர் விழுந்தார்கள். அப்புறம் பின்னால் வந்த கூட்டம் முன்னால் இருந்தவர்களை ஈட்டிமேல் தள்ள ஆரம்பித்தது. கடைசியில் அவர்கள் ஜெனரலே குதிரையோடு வந்து சொருகிக்கொண்டான், மொத்தப் படையும் ஓடியது. அத்தோடு நின்றிருக்கலாம். ஓடுகிறார்களே என்று ஒரு யூனிட்டுக்கு அட்டாக் கொடுத்துக் கதவுக்கு வெளியே அனுப்பினேன். வரிசை கலைந்து அது திரும்புவதற்குள் வெளியே சும்மா நின்றிருந்த பிரின்சிபெஸ் என்னும் ரோமானியக் காலாட்படையினர் பக்கவாட்டில் மோதினார்கள். சண்டை முழுக்க இழந்ததைவிட அந்த ஒரு நிமிடத்தில் அதிகம் இழந்தேன். ஃபாலன்க்ஸை எதிரிமேல் அனுப்பாதீர்கள். எதிரி வரும் இடத்தில் நிறுத்திவிட்டு மவுஸிலிருந்து கையை எடுங்கள்.

குதிரை இல்லாததன் உண்மையான விலை போர் முடிந்த பிறகுதான் தெரியும். துரத்திக் கொல்ல ஆள் இல்லை. ஓடியவன் அடுத்த டர்னில் அதே படையோடு வந்து நிற்பான். அதனால் கிரேக்கத்தை எடுத்தால் கூலிக் குதிரைப்படை எங்கே கிடைத்தாலும் வாங்குங்கள். கிரீட் வில்லாளர்களும் ரோட்ஸ் கவண்காரர்களும் கூலிக்கு வந்தால் கடன் வாங்கியாவது எடுங்கள், அவர்களுடைய வீச்சுக்கு எதிரே ஆரம்ப காலத்தில் யாரும் இல்லை.

ஸ்பார்டன் ஹாப்ளைட் பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஸ்பார்ட்டாவிலும் சிராக்கூஸிலும் மட்டும் கிடைக்கும், ஒவ்வொருவனும் இரண்டு ஆள் உயிரோடு நிற்பான். உண்மையில் ஸ்பார்ட்ட மன்னன் நான்காம் அகிஸ் காலத்தில், அதாவது ஆட்டம் தொடங்கி முப்பது ஆண்டுகூட ஆகாத சமயத்தில், பழைய ஸ்பார்ட்டக் குடிமக்கள் 700 பேருக்கு மேல் இல்லை என்று பழங்கால எழுத்தாளர் புளூட்டார்க் சொல்கிறார். கேமில் நீங்கள் காசு இருக்கும்வரை வார்த்துத் தள்ளலாம். யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள்.

ஃபாலன்க்ஸ் பிடிக்கிறது, ஆனால் குதிரையும் வேண்டும் என்றால் மாசிடோனை எடுங்கள். பழைய கேமில் அது பூட்டிக் கிடந்தது. டெக்ஸ்ட் ஃபைல் ஒன்றைத் திறந்து பெயரை ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால்தான் ஆட முடியும். காற்புள்ளி, இடைவெளி ஏதாவது தப்பினால் கேமே திறக்காது. ரீமாஸ்டர்டில் விரிவாக்கங்களையும் சேர்த்து அப்படிப் பூட்டிக் கிடந்த 16 ஃபேக்‌ஷன்களைத் திறந்துவிட்டார்கள். புண்ணியம்.

செலூசிட்டிடம் இல்லாதது நேரம். கடைசி நிலை யூனிட்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த ஆட்டத்திலேயே முழுமையான படை அதுதான். வெள்ளிக்கேடயப் பைக் (நீள ஈட்டி) வீரர்கள், ரோமைப் பார்த்துச் செய்த வெள்ளிக்கேடய லெஜியனரிகள், கேட்டஃப்ராக்ட் (ஆளுக்கும் குதிரைக்கும் கவசம் போட்ட குதிரைப்படை), கத்தி பொருத்திய தேர், யானை, எல்லாம் உண்டு. யானைக்குக் காரணமும் இருக்கிறது. அந்தப் பேரரசை நிறுவிய முதல் செலூக்கஸ் கி.மு. 303-ஐ ஒட்டிச் சந்திரகுப்த மௌரியரிடம் கிழக்கு நிலங்களைக் கொடுத்து 500 யானைகளை வாங்கினான், கி.மு. 301-ல் இப்ஸஸ் போரில் அவைதான் கை கொடுத்தன. ஆனால் கேமில் அந்த யூனிட்கள் எல்லாம் பெரிய நகரம் வளர்ந்த பிறகு வரும். அதுவரை லெவி பைக், மிலிஷியா ஹாப்ளைட். சுற்றிலும் எகிப்து, பார்த்தியா, ஆர்மேனியா, பான்டஸ். கணினி ஆடும்போது பெரும்பாலும் முதலில் செத்துப்போவது இவர்கள்தான். எடுத்தால் முதல் வேலையாக எகிப்தை முடியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

எகிப்தைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுதுவேன். கி.மு. 270-ல் எகிப்தை ஆண்டது இரண்டாம் டாலமி, கிரேக்கம் பேசிய மாசிடோனிய வம்சம். கி.மு. 217-ல் ராஃபியாவில் நான்காம் டாலமி செலூசிட் மன்னன் மூன்றாம் அந்தியோக்கஸை எதிர்த்தபோது இரண்டு பக்கமும் ஃபாலன்க்ஸ், இரண்டு பக்கமும் யானை. டாலமியின் 73 ஆப்பிரிக்க யானைகளில் பாதிக்கு மேல் எதிரியின் இந்திய யானைகளின் வாசனைக்கும் சத்தத்துக்கும் மிரண்டு போர் செய்ய மறுத்தன என்று பாலிபியஸ் எழுதுகிறார். கேமில் இதெல்லாம் எதுவும் இல்லை. ஆயிரம் வருஷம் முந்தைய ஃபாரோ காலத்து உடையில் தேரும் கோடரியுமாக வருகிறார்கள். ரோம் டோட்டல் ரியலிசம், யூரோப்பா பார்பரோரம் போன்ற மாட்களை (ரசிகர்களே கேமை மாற்றி உருவாக்கும் பதிப்புகளை)ச் செய்தவர்கள் முதலில் திருத்திய விஷயங்களில் இதுவும் ஒன்று. சரி, ஆட்டத்துக்கு எப்படி? கொஞ்சம் அதிகமாகவே நன்றாக இருக்கும். நைல் கரையில் பணம் கொட்டும், ஃபாரோ வில்லாளர்கள் தூரத்திலிருந்து அடிப்பார்கள், தேர்கள் குதிரைப்படையைச் சின்னாபின்னமாக்கும். இல்லாதது என்று தேடினால் கனமான கவசத்தைத்தான் சொல்ல வேண்டும். அதை எகிப்துக்கு உணர்த்த ஒரு ரோமானிய லெஜியன் வந்துசேர வேண்டும், அதற்குள் நீங்கள் பாதி வரைபடத்தை எகிப்தின் மஞ்சள் நிறமாக்கியிருப்பீர்கள். ஜூலியை முடித்தவருக்கு இது அலுக்கும். விடுங்கள்.

காட்டுமிராண்டிப் பிரிவில் போட்டிருக்கும் கால், ஜெர்மானியா, பிரிட்டானியாவை நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை. இவர்கள் ஊர்கள் ஓரளவுக்கு மேல் வளராது, கல் மதில் கிடையாது. ஆட்டம் நீள நீளக் கஷ்டம். ஜெர்மானியாவின் சாதாரண ஈட்டிக் கூட்டத்துக்கு ஃபாலன்க்ஸ் பொத்தான் கொடுத்து வைத்திருக்கிறார்கள், ஏன் என்று கேட்காமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பிரிட்டானியாவில் தலைகளைத் தூக்கி எறியும் யூனிட் ஒன்று உண்டு. அது யாருடைய கற்பனை என்று தெரியாது, ஒருமுறை பார்த்துச் சிரிக்கலாம்.

பார்த்தியாவில் இல்லாதது காலாட்படை. பெயருக்கு ஈஸ்டர்ன் இன்ஃபன்ட்ரி என்று ஒன்று இருக்கிறது, ஊர்க்காவலுக்கு வைத்துக்கொள்ளலாம். மற்றபடி முக்கியமாகக் குதிரை வில்லாளர்களும் கேட்டஃப்ராக்ட்டும்தான். கி.மு. 53-ல் கார்ஹேயில் ரோமானியத் தளபதி கிராஸஸின் லெஜியன்களைப் பார்த்தியத் தளபதி சூரேனா இந்த இரண்டை மட்டும் வைத்தே அழித்தான். 20,000 ரோமானியர்கள் செத்தார்கள், 10,000 பேர் சிறைப்பட்டார்கள் என்பது புளூட்டார்க் தரும் கணக்கு. ரோமானியர்கள் அம்பு தீரட்டும் என்று கேடயத்துக்குப் பின்னால் காத்திருந்தார்கள். அம்புக் கட்டு சுமந்த ஒட்டகங்கள் பின்னால் நிற்பதும் வீரர்கள் போய்ப் போய் நிரப்பிக்கொண்டு வருவதும் தெரிந்தபோதுதான் நம்பிக்கை போனது.

கேமில் அந்த ஒட்டகங்கள் கிடையாது. ஆளுக்கு இத்தனை அம்பு என்று எண்ணித்தான் கொடுப்பார்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். பார்த்தியாவை ஆடத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வித்தியாசம் இங்கேதான். புதிதாக ஆடுகிறவர் எதிரே முதலில் தெரியும் கேடய வரிசைமேல் அம்பையெல்லாம் கொட்டித் தீர்த்துவிடுவார். கேடயம் முன்னால்தான் காக்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா? இரண்டு யூனிட் முன்னால் போக்குக் காட்ட, நான்கு யூனிட்டைச் சுற்றிப் பின்னால் அனுப்பி முதுகில் அடிக்க வேண்டும். எதிரியின் வில்லாளர்கள்மேல் முதலில் கேட்டஃப்ராக்ட்டை விட்டு அவர்களை ஒழிக்க வேண்டும், நின்று அம்பு விட்டுக்கொண்டால் குதிரைக்காரன்தான் நஷ்டப்படுவான். வேறு வழியில்லாமல் அம்பு வாங்கும் இடத்தில் நிற்க வேண்டி வந்தால் கான்டாப்ரியன் வட்டம் (வட்டமாக ஓடிக்கொண்டே அம்பு விடும் கட்டளை) போடுங்கள். ஆட்டோ ரிசால்வை (போரின் முடிவைக் கணினியே கணக்கிடும் வசதி) மறந்துவிடுங்கள், குதிரை வில்லாளரின் அருமை அதற்குப் புரிவதில்லை. ஊர்களைப் பிடிக்க மதில் ஏறாதீர்கள். முற்றுகை போட்டு உட்கார்ந்தால் பட்டினியில் அவர்களே வெளியே வருவார்கள், வெட்டவெளிக்கு வந்துவிட்டால் உங்கள் சாம்ராஜ்யம். ஒவ்வொரு போரும் அரை மணி நேரம் இழுக்கும். வார நாளில் வேலை முடித்து வந்து ஆடுகிறவருக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

இப்போது கார்த்தேஜ். இவர்களிடம் இரண்டு இல்லை. ஒன்று வில்லாளர்கள், கவண்காரர்களை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். இன்னொன்று, ஆரம்பத்தில் ஹஸ்டாட்டியோடு நேருக்கு நேர் நிற்கக்கூடிய காலாட்படை. ஐபீரிய வீரர்கள் கொஞ்ச நேரம் தாங்குவார்கள், லிபிய ஈட்டிக்காரர்கள் இன்னும் கொஞ்சம் அதிகம். பியூனிக் காலாட்படையும் புனித அணி என்னும் சிறப்புக் காலாட்படையும் ஃபாலன்க்ஸாக நிற்கும், ஆனால் வர நாளாகும். (புனித அணி கி.மு. 310-ஐ ஒட்டி நடந்த போரோடு வரலாற்றிலிருந்தே காணாமல் போய்விட்டது. கேமில் தாராளமாகக் கிடைக்கும். ஸ்பார்ட்டாவுக்குச் சொன்னதுதான் இதற்கும்.)

இந்த ஓட்டையை யானையால் அடைக்கலாம் என்று நினைத்தீர்கள். எல்லோரும் நினைப்பதுதான், கார்த்தேஜின் தளபதி ஹானிபலே கி.மு. 202-ல் சாமாவில் 80 யானைகளை முன்வரிசையில் நிறுத்தினார். ரோமானியத் தளபதி ஸ்கிபியோ தன் படையில் நேர்நேராகச் சந்து விட்டு நிறுத்தி, கொம்பு ஊதி மிரட்டினார். சில யானைகள் சந்து வழியாக ஓடிப்போயின, சில திரும்பிக் கார்த்தேஜின் குதிரைப்படைமேலேயே பாய்ந்தன. கி.மு. 207-ல் மெட்டாரஸ் போரில் ஹானிபலின் தம்பி ஹஸ்த்ரூபலின் பாகர்கள் ஆளுக்கு ஒரு உளியும் சுத்தியலும் வைத்திருந்தார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். யானை கட்டுக்கு அடங்காமல் தன் ஆட்கள்மேல் திரும்பினால் காதுகளுக்கு நடுவே, கழுத்து தலையோடு சேரும் இடத்தில் உளியை வைத்து ஒரே அடி. கேமில் வெறி பிடித்த யானையைக் கொல்ல ஒரு பொத்தான் இருக்கிறதே, அது இதைப் பார்த்து வைத்ததுதான். அடுத்த முறை தயங்காமல் அழுத்துங்கள்.

ஆனால் அழுத்த வேண்டிய நிலையே வராமல் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் யானை எங்கே நின்றது? கேள்வியில் சொல்லவில்லை, ஆனால் உங்கள் வரிசைக்கு நேர் முன்னால் நின்றிருக்கும், எதிரே வெலிட்டெஸ் (ரோமின் எறிபடை) ஈட்டி எறிந்திருப்பார்கள். யானையை ஓரத்தில், உங்கள் ஆட்கள் யாரும் இல்லாத பக்கமாக வையுங்கள். இரண்டு வரிசைகளும் மோதி, எதிரியின் எறிபடை கலைந்த பிறகு பின்பக்கமாகக் கொண்டு போய் விடுங்கள். தீயம்பு கண்ணில் பட்டால் பின்வாங்கிவிடுங்கள். ஒரு படைக்கு ஒரு யானை யூனிட் போதும். களத்தைவிட அதற்கு நல்ல வேலை ஒன்று உண்டு. மரக் கதவையும் மர வேலியையும் யானை உடைக்கும். ஸ்பெயினிலும் கால் நாட்டிலும் மோதுமரம் கட்டக் காத்திருக்காமல் வந்த டர்னிலேயே ஊருக்குள் போகலாம்.

கார்த்தேஜின் உண்மையான ஆயுதம் குதிரை, யானைக்கு இரண்டாம் இடம்தான். ரவுண்ட் ஷீல்ட், லாங் ஷீல்ட் என்ற குதிரைப்படைகள் அதே காலத்து ரோமானியக் குதிரைப்படையான ஈக்விட்டெஸைத் தின்றுவிடும். கி.மு. 216-ல் கன்னேயில் யானையே இல்லை. காலாட்படை நடுவில் பின்வாங்கிக்கொண்டே ரோமானியர்களைப் பிடித்து வைத்தது, குதிரைப்படை இரண்டு பக்கமும் ஜெயித்துவிட்டுப் பின்னால் வந்து மூடியது. சாமாவில் 80 யானை இருந்தும் தோற்றதற்கு முக்கியக் காரணம் பக்கத்து நாடான நுமிடியாவின் மன்னன் மசினிஸ்ஸா குதிரைகளோடு ரோம் பக்கம் போய்விட்டதுதான். கேமிலும் நுமிடியாவோடு வம்பு வைத்துக்கொள்ளாதீர்கள்.

எனவே என் பதில்: வேறு ஃபேக்‌ஷன் தேட வேண்டாம், கார்த்தேஜையே திரும்ப ஆரம்பியுங்கள். அது சலித்தால் கிரேக்கம், நீண்ட விடுமுறை கிடைத்தால் பார்த்தியா.

முதல் சில டர்ன்களில் ஸ்பெயின் பக்கத்து ஊர்களான கொர்டூபா, பால்மா மேல் காசைக் கொட்டாதீர்கள், அவை காத்திருக்கும். கார்த்தேஜிலும் தாப்ஸஸிலும் கிடைக்கிற ஆட்களைக் கப்பலேற்றிச் சிசிலியில் உங்கள் ஊரான லிலிபேயத்தில் சேருங்கள். ஸ்கிபி பெரும்பாலும் முதலில் சிராக்கூஸ் மேல்தான் போவான், செனட் அவனுக்குக் கொடுக்கும் வேலை அது. அவன் படை தெற்கே இறங்கிய டர்னில் சிசிலியில் அவன் ஊரான மெஸ்ஸானாவை எடுத்துவிடுங்கள். அவன் திரும்பி வருவான், களைத்துப்போய் ஆள் குறைந்து வருவான். ஐபீரியர்களை நடுவில் இரண்டு வரிசையாக நிறுத்தி, யானைக்கு வைத்திருந்த காசில் வாங்கிய குதிரைகளை இரண்டு ஓரமும் விடுங்கள். ஈக்விட்டெஸ் ஓடியதும் துரத்தாமல் திருப்பி ஹஸ்டாட்டியின் முதுகில் விடுங்கள். மோதியதும் இழுத்து, தள்ளிப் போய், மறுபடி சார்ஜ். நின்றபடி வெட்டிக்கொண்டிருந்தால் குதிரை வீண். அந்தப் போரை ஜெயித்துவிட்டால் மெஸ்ஸானா நீரிணையில் ஒரு நல்ல கப்பல் படையை நிறுத்திவிட்டு, சிராக்கூஸை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். அங்கே ஹாப்ளைட்கள் கதவுக்கு உள்ளே 'வி' வடிவத்தில் நின்றால் மட்டும் அந்தக் கதவு வழியாகப் போகாதீர்கள்.